மாரடைப்பு வந்தவர்களுக்கு மீன் எண்ணெய் கேப்சூல்: பாட்டிலின் முன்பக்கம் சொல்வதும் பின்பக்கம் சொல்வதும்

மருத்துவர் சீட்டு இல்லாமலேயே கிடைக்கும் 1000 மில்லிகிராம் மீன் எண்ணெய் கேப்சூலைப் பற்றியது இந்த மதிப்பீடு. பாட்டிலின் முன்பக்கத்தில் இதயப் படமும் ‘ஒமேகா-3’ என்ற பெரிய எழுத்தும் இருக்கும். மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து, வீடு திரும்பியவருக்கு யாராவது ஒருவர் இதைப் பரிந்துரைக்காமல் இருப்பதில்லை. ‘துடிப்பு சீராக இருக்கும், திடீர் மரணம் வராது’ என்பதுதான் சொல்லப்படும் காரணம். அந்தக் காரணத்துக்காக வாங்குவதாக இருந்தால் வாங்க வேண்டாம் என்பதே எங்கள் முடிவு. ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு அதிகம் உள்ள சிலருக்கு மருத்துவர் எழுதித் தரும் ஒமேகா-3 மருந்து வேறு சரக்கு. அதைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறோம்.

முதலில் லேபிள். முன்பக்கம் இருக்கும் 1000 மில்லிகிராம் என்பது எண்ணெயின் மொத்த எடை. வேலை செய்வதாகச் சொல்லப்படும் இரண்டு கொழுப்பு அமிலங்கள் இபிஏ, டிஹெச்ஏ. பாட்டிலைத் திருப்பினால் சிறிய எழுத்தில் இபிஏ 180 மில்லிகிராம், டிஹெச்ஏ 120 மில்லிகிராம் என்று இருக்கும். சாதாரண கேப்சூல்களில் மிகப் பரவலான கணக்கு இதுதான். இரண்டையும் கூட்டினால் 300. மீதி 700 மில்லிகிராமில் இருப்பது மற்ற கொழுப்புகள், கொஞ்சம் நிறைவுற்ற கொழுப்பும் சேர்த்து.

அதோடு ‘ஒரு வேளை அளவு’ என்ற வரியையும் பாருங்கள். ‘இபிஏ, டிஹெச்ஏ 600 மில்லிகிராம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, ஒரு வேளை அளவு என்பது 2 கேப்சூல் என்று ஓரத்தில் எழுதியிருப்பார்கள். அப்படியானால் ஒன்றில் 300தான். இரண்டு பிராண்டுகளை ஒப்பிடும்போது பாட்டில் விலையை விட்டுவிட்டு, 1000 மில்லிகிராம் இபிஏ, டிஹெச்ஏவுக்கு எவ்வளவு ஆகிறது என்று போட்டுப் பாருங்கள். மலிவாகத் தெரிந்தது பல நேரம் மலிவாக இருக்காது.

‘ஒமேகா 3-6-9’ என்று விற்கப்படும் கலவையைத் தொடவே வேண்டாம். 6-ம் 9-ம் சமையல் எண்ணெயிலேயே தாராளமாகக் கிடைக்கின்றன. அவற்றுக்கு இடம் கொடுத்த அளவுக்கு 3 குறைந்துவிடும். கிரில் என்ற சிறு கடல் உயிரியின் எண்ணெய் கேப்சூலில் இபிஏ, டிஹெச்ஏ பெரும்பாலும் சாதாரண மீன் எண்ணெயைவிடவும் குறைவு. மீன் ஈரல் எண்ணெய் இன்னொரு வகை. அதில் வைட்டமின் ஏ செறிவாக இருக்கும். பெரியவர்களுக்கான உச்ச வரம்பு நாளுக்கு 3000 மைக்ரோகிராம். ஒமேகா-3 அதிகம் வேண்டும் என்று ஈரல் எண்ணெயின் அளவைக் கூட்டுகிறவர் அந்த வரம்பைத் தாண்டிவிடுவது எளிது. ‘மீன் எண்ணெய்’, ‘மீன் ஈரல் எண்ணெய்’ இரண்டும் ஒன்றல்ல என்பதை வாங்கும்போதே கவனியுங்கள்.

இந்த நல்ல பெயர் எங்கிருந்து வந்தது

சும்மா வந்த பெயர் அல்ல. 1989-ல் வெளியான டார்ட் ஆய்வில் மாரடைப்பிலிருந்து மீண்ட 2033 ஆண்கள் இருந்தார்கள். வாரம் இரண்டு முறை கொழுப்பு மிகுந்த மீன் சாப்பிடச் சொல்லப்பட்டவர்களிடம் இரண்டாண்டு இறப்பு 29 சதவீதம் குறைந்தது. பிறகு 1999-ல் இத்தாலியின் ஜிஸ்ஸி-பிரிவென்சியோனே. அண்மையில் மாரடைப்பு வந்த 11,324 பேர். தினம் ஒரு கேப்சூல், அதில் 850 முதல் 882 மில்லிகிராம் இபிஏ, டிஹெச்ஏ. திடீர் மரணம் சுமார் 45 சதவீதம் குறைந்தது. அந்தப் பலன் முதல் சில மாதங்களிலேயே தெரிந்தது. கொழுப்பு அடைப்பு கரைய அத்தனை குறுகிய காலம் போதாது. ஆகவே இது துடிப்பைக் காக்கும் விளைவாகத்தான் இருக்க வேண்டும் என்று பலரும் முடிவு கட்டினார்கள்.

ஆய்வகமும் அதற்குத் துணை நின்றது. இதயத் தசைச் செல்லின் சோடியம், கால்சியம் வாயில்களை இந்தக் கொழுப்பு அமிலங்கள் ஓரளவு அடக்குகின்றன. எளிதில் தூண்டப்படும் செல் கொஞ்சம் நிதானமாகிறது. மாரடைப்பில் செத்த தசை தழும்பாகும்போது, தழும்பின் ஓரத்தில் பாதி உயிருள்ள இழைகள் எஞ்சி நிற்கும். மின்னோட்டம் அந்த வழியே மெதுவாகச் சுற்றித் திரும்பவும் நுழைந்தால் கீழறை தறிகெட்டுத் துடிக்கும். திடீர் மரணத்தின் முக்கிய வழி அது. அந்தச் சுற்றை ஒரு கேப்சூல் தடுக்கும் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது?

ஆனால் ஜிஸ்ஸியில், ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத போலி மாத்திரை கொடுக்கப்பட்ட குழு இல்லை. யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆய்வு தொடங்கியபோது கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் எடுத்தவர்களும் சொற்பம். பிறகு காலம் மாறியது. அடைப்பை உடனே திறப்பது, ஸ்டேட்டின், துடிப்பை நிதானப்படுத்தும் பீட்டா பிளாக்கர் எல்லாம் வழக்கமாயின. 2010-ல் ஜெர்மனியின் ஒமேகா ஆய்வு, மாரடைப்பு வந்த 3851 பேரிடம் அதே 1 கிராம் கேப்சூலைப் போலி கேப்சூலோடு வைத்துப் பார்த்தது. ஓராண்டில் திடீர் மரணம் இரு பக்கமும் 1.5 சதவீதம். வித்தியாசமே இல்லை. அதே ஆண்டு நெதர்லாந்தில் 4837 பேரிடம் மார்கரின் வழியாகத் தினம் சுமார் 400 மில்லிகிராம் இபிஏ, டிஹெச்ஏ கொடுத்துப் பார்த்த ஆல்ஃபா ஒமேகா ஆய்விலும் முக்கிய இதய நிகழ்வுகள் குறையவில்லை. நார்வேயில் 70 முதல் 82 வயது வரையிலான 1027 பேரிடம், மாரடைப்புக்குப் பிறகு அளவை 1.8 கிராமாக உயர்த்திப் பார்த்தார்கள். அதுதான் ஒமெமி ஆய்வு. பலன் இல்லை.

ஐரோப்பிய மருந்து முகமை 2018 இறுதியில் எல்லாவற்றையும் மறுபடி எடுத்துப் பார்த்து, மாரடைப்புக்குப் பிறகு அடுத்த இதயப் பிரச்சினையைத் தடுக்க நாளுக்கு 1 கிராம் ஒமேகா-3 மருந்துகள் பயன்படவில்லை என்ற முடிவுக்கு வந்தது. மருந்துத் தரத்தில், ஒரே கேப்சூலில் 840 மில்லிகிராம் அடைத்த சரக்குக்கே கிடைத்த தீர்ப்பு இது. 300 மில்லிகிராம் பாட்டிலைப் பற்றித் தனியாகச் சொல்ல என்ன இருக்கிறது?

துடிப்பு விஷயத்தில் கேப்சூல் செய்வது

துடிப்புக் கோளாறு என்று பொதுவாகச் சொன்னாலும் இங்கே இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று கீழறையில் வருவது, உயிரை உடனே எடுக்கக்கூடியது. இன்னொன்று மேலறையில் வரும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதில் மேலறை சுருங்காமல் நடுங்கும், நாடி தாறுமாறாகும், உள்ளே ரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம்.

கீழறைக் கோளாறு வந்தால் மின்னதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் ஐசிடி கருவியை மார்பில் பொருத்தியவர்களிடம் மீன் எண்ணெயை நேரடியாகவே சோதித்தார்கள். கருவியே ஒவ்வொரு கோளாறையும் பதிவு செய்யும் என்பதால் இதைவிடத் தெளிவான சோதனைக் களம் கிடைக்காது. 2005, 2006-ல் வெளியான மூன்று ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் பாதுகாப்பு நிரூபணமாகவில்லை. அவற்றில் 200 பேர் கொண்ட ஓர் ஆய்வில், முன்பே கீழறை வேகத்துடிப்பு வந்தவர்களுக்கு மீன் எண்ணெய் எடுத்தபோது அது அதிகமாகவே திரும்பி வந்தது. ஐசிடி உள்ளவர்கள் சொந்த முடிவில் இதை எடுக்கவே கூடாது என்று நாங்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

மேலறைப் பக்கம் இன்னும் தெளிவாகவே பாதகம். 2021-ல் ஏழு ஆய்வுகளின் 81,210 பேரின் தரவைத் தொகுத்தபோது, ஒமேகா-3 எடுத்தவர்களுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் அபாயம் 25 சதவீதம் கூடியிருந்தது. நாளுக்கு 1 கிராமுக்கு மேல் எடுத்தவர்களில் 49 சதவீதம், 1 கிராம் வரை எடுத்தவர்களில் 12 சதவீதம். அளவு ஏற ஏற அபாயமும் ஏறுகிறது. தற்செயல் என்று ஒதுக்க முடியாததற்கு அதுவே அடையாளம். 2023-ல் ஐரோப்பிய முகமை ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனை ஒமேகா-3 மருந்துகளின் ‘பொதுவான’ பக்கவிளைவாகச் சேர்க்கச் சொன்னது. அபாயம் நாளுக்கு 4 கிராமில் மிக அதிகம் என்றும் குறிப்பிட்டது.

சதவீதத்தைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. நாளுக்கு 4 கிராம் இபிஏ மருந்தைச் சோதித்த ரெட்யூஸ்-இட் ஆய்வில் (இதைப் பற்றிப் பின்னால் வரும்) இந்தக் கோளாறுக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் மருந்துப் பக்கம் 3.1 சதவீதம், மறுபக்கம் 2.1. அதாவது நூறு பேர் சுமார் ஐந்து ஆண்டுகள் எடுத்தால் கூடுதலாக ஒருவர். ஆனால் அந்த ஒருவர் ஸ்டென்ட் வைத்தவராக இருந்தால் சிக்கல் பெரிது. ஏற்கெனவே ரத்தத்தட்டுகள் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் மருந்துகள் ஓடிக்கொண்டிருக்கும், அதன்மேல் பக்கவாதத்தைத் தடுக்க ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்தும் சேரும், ரத்தக்கசிவு அபாயம் பல மடங்காகும். பலனே இல்லாத ஒன்றுக்காக இந்த விலை கொடுப்பானேன்?

மருத்துவர் எழுதித் தரும் சரக்கு

ஐகோசபென்ட் ஈத்தைல் என்பது தூய்மைப்படுத்திய இபிஏ மட்டும். டிஹெச்ஏ கிடையாது. 8179 பேரைக் கொண்ட ரெட்யூஸ்-இட் ஆய்வில் ஸ்டேட்டின் எடுத்தும் டிரைகிளிசரைடு இறங்காதவர்களுக்கு நாளுக்கு 4 கிராம் கொடுக்கப்பட்டது. மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் போன்றவை சேர்ந்த கணக்கு 25 சதவீதம் குறைந்தது. ஒப்பீட்டுக்குக் கொடுத்த கனிம எண்ணெயே அந்தப் பக்கத்தின் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ராலைக் கொஞ்சம் ஏற்றி, பலனைப் பெரிதாகக் காட்டியிருக்கலாம் என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. 2020-ல் 13,078 பேரிடம் இபிஏ, டிஹெச்ஏ கலவையை 4 கிராம் கொடுத்து, சோள எண்ணெயோடு ஒப்பிட்ட ஸ்ட்ரெங்த் ஆய்வு பலனின்றிப் பாதியில் நிறுத்தப்பட்டது. ஆக, இந்த மருந்து யாருக்கு என்பதை டிரைகிளிசரைடு, ஸ்டேட்டின், துடிப்பு வரலாறு மூன்றையும் பார்த்து இதய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அது துடிப்புக்கான மருந்து அல்ல என்பதும் நினைவிருக்கட்டும்.

‘அதே 4 கிராமைக் கடை கேப்சூலிலேயே எடுத்துக்கொள்கிறேன்’ என்று கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். 180 மில்லிகிராம் இபிஏ உள்ள கேப்சூல் 22 வேண்டும். தினம் 22 கிராம் எண்ணெய், ஏறக்குறைய 200 கலோரி. கூடவே 2.6 கிராம் டிஹெச்ஏ. டிரைகிளிசரைடு மிக அதிகம் உள்ளவர்களுக்கு டிஹெச்ஏ எல்டிஎல்லை ஏற்றக்கூடும். இப்படி யாரும் செய்யக் கூடாது.

தரம், நாற்றம், சேமிப்பு

மீன் எண்ணெயின் பெரிய பலவீனம் அது சீக்கிரம் கெட்டுப்போவது. இபிஏவில் ஐந்து, டிஹெச்ஏவில் ஆறு இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆக்சிஜன் வந்து ஒட்ட வழி. கேப்சூலின் ஜெலட்டின் உறை நாற்றத்தை மறைத்துவிடும் என்பதால் வெளியிலிருந்து தெரியாது. புது பாட்டில் வாங்கியதும் ஒரு கேப்சூலைக் கத்தரிக்கோலால் நறுக்கி வெள்ளைத் தட்டில் பிழிந்து முகருங்கள். இலேசான மீன் வாடை பரவாயில்லை. பழைய பெயின்ட் போன்ற நெடி, தொண்டையில் கரகரப்பு, கசப்பு வந்தால் சிக்கல். எலுமிச்சை, ஆரஞ்சு மணம் சேர்த்தவற்றில் இந்தச் சோதனை பலிக்காது, மணமே எல்லாவற்றையும் மூடிவிடும். குடலில் கரையும்படி மேல்பூச்சு பூசிய கேப்சூல் ஏப்பத்தைக் குறைக்கும்தான், கெட்ட எண்ணெயின் அறிகுறியையும் சேர்த்தே மறைத்துவிடும்.

தயாரிப்பாளர் ஆய்வறிக்கை வெளியிட்டால், எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் மூன்று எண்களைப் பாருங்கள். பெராக்சைடு எண் 5-க்குள், அனிசிடின் எண் 20-க்குள், இரண்டிலிருந்தும் கணக்கிடும் டோடாக்ஸ் 26-க்குள் இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலே தனக்கு வைத்துக்கொண்ட வரம்பு. பெராக்சைடு மட்டும் குறைவாக இருப்பதில் மயங்க வேண்டாம். எண்ணெய் நன்றாகக் கெட்ட பிறகு பெராக்சைடு உடைந்து எண் தானாகவே இறங்கிவிடும், அனிசிடின்தான் ஏறி நிற்கும்.

‘ஈத்தைல் எஸ்டர்’ என்று லேபிளில் இருந்தால் வெறும் வயிற்றில் எடுத்துப் பயனில்லை. கொழுப்புள்ள உணவோடு எடுத்தால்தான் ஒழுங்காக உட்கிரகிக்கும். கேப்சூலின் எண்ணெய் டிரைகிளிசரைடு வடிவில் இருந்தால் அந்த அளவு கெடுபிடி இல்லை. மீன் ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். ஆஸ்பிரினோடு க்ளோபிடோக்ரெல் அல்லது டிகாக்ரெலர் எடுப்பவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் இதைச் சேர்க்கும்முன் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். ரெட்யூஸ்-இட்டில் கடுமையான ரத்தக்கசிவு மருந்துப் பக்கம் 2.7 சதவீதம், மறுபக்கம் 2.1 சதவீதம் என்று சற்றே கூடியிருந்தது. வார்ஃபரின்காரர்கள் ஆரம்பித்தாலும் நிறுத்தினாலும், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனை பார்க்க வேண்டும்.

அதே காசுக்குத் தட்டில் என்ன மாற்றலாம்

சமைத்த சால்மன் 100 கிராமில் சுமார் 2 கிராம் இபிஏ, டிஹெச்ஏ இருக்கும், ஆறேழு சாதாரண கேப்சூலுக்குச் சமம். மத்தி, ஹெர்ரிங் போன்றவையும் இந்த வரிசையில் வரும். வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 100 கிராம் போதும். எண்ணெயில் மூழ்கப் பொரித்தால் மீனின் கொழுப்போடு பொரித்த எண்ணெயும் சேர்ந்துவிடும். வேகவைப்பது, சுடுவது நல்லது. சுறா, வாள்மீன் போன்ற பெரிய வேட்டை மீன்களில் பாதரசம் அதிகம் என்பதால் அவை இந்தக் கணக்கில் சேராது. மீனிலும் துடிப்பு மருந்தைத் தேடாதீர்கள். இறைச்சியின் நிறைவுற்ற கொழுப்புக்குப் பதிலாக அது தட்டில் உட்காருகிறது என்பதே உறுதியான லாபம்.

நிறைவுற்ற கொழுப்பு மொத்தக் கலோரியில் 6 சதவீதத்துக்குள் என்பது எல்டிஎல் இறங்க வேண்டியவர்களுக்கு அமெரிக்க இதயச் சங்கம் சொல்லும் அளவு. 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 13 கிராம். வெண்ணெய் ஒரு மேசைக்கரண்டியிலேயே சுமார் 7 கிராம் போய்விடும். குறைத்த இடத்தில் எதை வைக்கிறோம் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வெண்ணெயை நிறுத்திவிட்டுச் சர்க்கரையும் மாவும் சேர்த்தால் இதயத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. ஆலிவ், கனோலா, சோயா எண்ணெய்கள், கொட்டைகள் அந்த இடத்துக்கு வர வேண்டும். மாரடைப்பு வந்த 605 பேரிடம் நடந்த லியோன் ஆய்வில் இப்படி உணவையே மாற்றியவர்களுக்கு இதய நிகழ்வுகள் வெகுவாகக் குறைந்தன. சிறிய ஆய்வுதான், ஆனாலும் திசை சரி.

ட்ரான்ஸ் கொழுப்புக்கு உலக சுகாதார அமைப்பின் வரம்பு மொத்தக் கலோரியில் 1 சதவீதத்துக்குள், அதாவது 2000 கலோரிக்குச் சுமார் 2.2 கிராம். சில நாடுகளின் விதிப்படி, பரிமாறும் அளவுக்கு 0.5 கிராமுக்குக் குறைவு என்றால் ‘0’ என்றே அச்சிடலாம். அதனால் எண்ணை நம்பாமல், பொருட்கள் பட்டியலில் ‘பகுதி ஹைட்ரஜனேற்றிய எண்ணெய்’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

மீன் சாப்பிடாதவர்களுக்கு ஆளிவிதை. பொடித்தது ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 1.6 கிராம் ஏஎல்ஏ என்ற தாவர ஒமேகா-3. முழு விதை அப்படியே வெளியேறிவிடும், பொடித்துத்தான் சாப்பிட வேண்டும். ஏஎல்ஏ உடலில் இபிஏவாக மாறுவது சிறு பங்கு, டிஹெச்ஏவாக மாறுவது அதிலும் கொஞ்சம். நேரடியாக டிஹெச்ஏ வேண்டுமானால் பாசி எண்ணெய் கேப்சூல் இருக்கிறது. துடிப்பு விஷயத்தில் அதற்கும் மேலே சொன்ன அதே எச்சரிக்கைதான்.

துடிப்பைக் காப்பவை வேறு: எழுதிக் கொடுத்த பீட்டா பிளாக்கரை விடாமல் எடுப்பது, நீர்மாத்திரை எடுப்பவர்கள் பொட்டாசியமும் மக்னீசியமும் பார்ப்பது, மாரடைப்பு வந்து குறைந்தது 40 நாள் கழித்து எக்கோவில் இதயத்தின் பம்பு சக்தியைப் பார்ப்பது. முழு மருந்துகளோடும் அது 35 சதவீதத்தைத் தாண்டவில்லை என்றால் ஐசிடி பற்றிய பேச்சு எழும். இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டுவிட்டு கேப்சூல் விழுங்குவதுதான் நாங்கள் மிகவும் அஞ்சும் தவறு.

ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பவர்கள் கடை கேப்சூலை நிறுத்தப் படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை. செல் சவ்வில் சேர்ந்தது பல வாரங்களில் தானாகக் குறையும். டிரைகிளிசரைடுக்காக மருத்துவர் எழுதியது என்றால் நீங்களாக நிறுத்தாதீர்கள், அடுத்த முறை போகும்போது பாட்டிலையே கையில் எடுத்துப் போங்கள். இரு தரப்பாரும் நாடி பார்க்கப் பழகிக்கொள்ளலாம். ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, கட்டைவிரல் பக்க மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து முழு 60 விநாடி எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் ஒழுங்கின்மை தப்பிவிடும். எப்போதாவது ஒரு துடிப்பு தவறினால் குறித்து வையுங்கள். எந்த ஒழுங்கும் இல்லாமல் தொடர்ந்து குழம்பியிருந்தால் அன்றே ஈசிஜி எடுக்க வேண்டும். அதோடு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம், ஒரு பக்கம் கை தளர்வது, பேச்சுக் குழறல் இவற்றில் ஏதாவது சேர்ந்தால் காத்திருக்காமல் ஆம்புலன்ஸை அழையுங்கள், நீங்களே வண்டி ஓட்டிப் போகாதீர்கள்.